சிவப்பு ஒயரில் கைவைக்காதே

தம்பி,

போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு அம்மா ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலைக்குப் போய் போன் பேசினாலும் உங்கப்பா காதில் விழும். மொட்டைமாடிக்குப் போனால் அப்படி என்ன ரகசியம் என்று பின்னாலேயே ஏறி வருவார். எழுதினால் சத்தம் வராது. அதனால் தையல் மேஜையில் கிடந்த நைட்டித் துணியை எல்லாம் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். தளவாய்புரத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய உருப்படி இன்னும் பாக்கி இருக்கிறது. கேட்டால் கல்யாண வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கப்பா வெளியே ஷெட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். வாளிச் சத்தம் கேட்கிறவரை நான் எழுதலாம்.

நீ வந்து இறங்கியதும் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் வண்டியின் பானட்டைத்தான் திறப்பாய். திறந்ததும் பேட்டரியைப் பார்ப்பாய். ப்ளஸ்ஸில் இருந்து கிளம்புகிற சிவப்பு ஒயர் நேராக வண்டி பாடியில் போய் முடிந்திருக்கும். மின்சார ஸ்கூட்டர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற உனக்கு அதைப் பார்த்ததும் பகீரென்று இருக்கும். அப்பா தப்பாக மாட்டிவிட்டார் என்று ஸ்பேனரைத் தேடுவாய். தேடாதே. அந்தக் காலத்து அம்பாசடருக்கு ப்ளஸ்தான் பாடி, மைனஸ் இல்லை. அது சரியாகத்தான் இருக்கிறது. மாற்றினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் மாற்றிப் பார்த்தவள் நான். இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் ஏன் மாற்றினேன் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததையும் சொல்ல வேண்டும். உங்கப்பாவுக்கு மறதி வந்திருக்கிறது தம்பி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவோமே, அந்த மறதி இல்லை.

உனக்குப் பரிசம் போட்டு வந்ததற்கு மறுநாள், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கே என்றேன். "இன்னைக்குத்தானே ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொண்ணு பாக்கப் போகணும், நீ இன்னும் கெளம்பலையா" என்றார். சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. குடித்த காப்பியை மறுபடி கேட்பது, எதிர்வீட்டுக்காரரின் பெயர் வாய்க்கு வராமல் நிற்பது, நம் தெருவிலேயே நின்று நம் வீட்டைத் தேடுவது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் நெருங்குகிறது, பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். உனக்குத் தெரிந்தால் லீவு போட்டு ஓடிவருவாயே, வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். பயத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினால் எல்லாமே பயமாகத்தான் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு உங்கப்பா தும்மினால்கூட அது மறதியின் அடையாளமோ என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் வண்டி விவகாரம் வந்தது. கல்யாணம் முடிந்து பால் பழம் கொடுக்க உங்கள் இரண்டு பேரையும் மண்டபத்தில் இருந்து ராஜபாளையத்துக்கு நம் வண்டியில்தான் அழைத்து வர வேண்டும் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து உன்னைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி அது. மில் முதலாளி வீட்டில் கழித்துப் போட்டதை, மில் மெயின்டனன்ஸில் இருந்த உங்கப்பா ஆசைப்பட்டு வாங்கி, ஓடவைத்தார். உனக்கு அதில் வருவது எப்போதும் கொஞ்சம் கூச்சம்தான், மறுக்காதே. காலேஜில் சேர்ந்த முதல் வருஷம் காலேஜ் பஸ்ஸைத் தவறவிடுவதை ஒரு விரதம் போலவே வைத்திருந்தாய். ஒவ்வொரு தடவையும் உங்கப்பாதான் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். நீ காலேஜ் கேட்டுக்கு முன்னாலேயே வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து போவாயாம். சிநேகிதர்கள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்று. வந்து என்னிடம் சொல்லுவார், "பயலுக்கு நம்ம வண்டி ஆகாதாம்ட்டி" என்று. வருத்தமாகச் சொன்னதில்லை, சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார். இப்போது கல்யாணத்துக்கு மதுரையில் புது வண்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லிவிட்டதாக நீ போனில் சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஷெட்டில் இருந்த வண்டியைக் கிளப்பி ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். ஹெட்லைட் பல்பு போயிற்று. வேறு போட்டார், அதுவும் போயிற்று. பேட்டரி கொதித்து ஆசிட் வாடை என் தையல் மேஜை வரைக்கும் வந்தது. கட்டவுட் போய்விட்டது என்றார். நான் மிஷினை மிதித்துக்கொண்டு இருந்தேன், காதில் சரியாக வாங்கவில்லை. அன்று சாயந்தரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து உன் மாமனார் எனக்குப் போன் செய்தார். இரும்புக் கடைக்காரர் என்று பெயர்தானே தவிர வெண்ணெய் மாதிரி மனுஷர், குரலே எழும்பவில்லை.

"சம்பந்தியம்மா, ஒண்ணும் நெனைக்காதீய. சம்பந்தி காலையில பேசுனாவ. கட்டவுட்டு சரியா இருந்தாத்தான் பொண்ணும் மாப்பிள்ளையும் மானமா வீடு வந்து சேர முடியும்னு சொன்னாவ. நாங்க எங்க வசதிக்கு ஒரு போர்டுதான் நெனைச்சிருந்தோம். எம்புட்டு அடி வேணும்னு கேட்டேன். அடியெல்லாம் எதுக்கு, உள்ளங்கை அகலம்தான்னாவ. கோவமா சொன்னாவளா, கேலியா சொன்னாவளான்னு புரியல. அதான் இருபதடிக்கே சொல்லிட்டேன்."

கல்யாண வாசலில் ஆளுயரத்துக்கு மேல் படம் வைப்பதைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷர், சம்பந்தி வீட்டில் கட்டவுட் கேட்டார் என்றால், புத்தி எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று பயந்துபோனேன். நேராகப் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்து, உள்ளே ஒரு கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "இதாம்ட்டி கட்டவுட்டு. டைனமோ கூடக் குடுத்தா இது கொறைக்கும். வண்டி நின்னு போச்சுன்னா பேட்டரியில இருக்கிறத டைனமோ திருப்பிக் குடிச்சிராம வெட்டி விட்டிரும். அதான் அந்தப் பேரு." படித்தவர்கள் வோல்டேஜ் ரெகுலேட்டர் என்பதைத்தான் மெக்கானிக்குகள் அப்படிச் சொல்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றுதான் தெரியும். ரெண்டு பேரும் சிரித்தோம். உன் மாமனாருக்குப் போன் போட்டு விளக்கினேன், ஆனால் அவர் ஃப்ளெக்ஸ்காரரிடம் சொல்லி முடித்துவிட்டார். நீயும் அவளும் இருபதடிக்கு நிற்பீர்கள். பார்த்து முகத்தைச் சுளிக்காதே, அது உங்கப்பாவின் ரெகுலேட்டர் பெற்ற பிள்ளை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறதி எது, தொழில் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை என்பதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மதுரையில் பழைய பார்ட்ஸ் கடையில் தேடி ஒரு கட்டவுட் வாங்கி வந்தார். மாட்டுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார். பழைய பெட்டியில் ஐந்து ஒயர். எல்லாம் நூல் பின்னிய பழைய காலத்து ஒயர், நிறம் எல்லாம் போய்ச் சாக்கு நிறத்தில் கிடந்தது. என்னிடம் வந்து ஐந்து கலர் நூல்கண்டு வாங்கிப் போனார். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு நூலைக் கட்டிக்கொண்டே கழற்றினார், அதே நூலைப் பார்த்துப் புதுப் பெட்டியில் மாட்டினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. கடைசியில் பேட்டரியை வைத்து, சிவப்பு ஒயரை எடுத்து பாடியில் முறுக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டு இன்வெர்ட்டர் ஆனாலும், என் ஸ்கூட்டி ஆனாலும் சிவப்பில் கை படக்கூடாது, பாடியில் படக்கூடாது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். எல்லாரும் மைனஸைத்தான் பாடியில் கொடுத்தார்கள். தளவாய்புரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் நம்பரை வாங்கிக் கேட்டேன். அவன் வண்டி எந்தக் காலத்து வண்டி என்று கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. "ப்ளஸ்ஸ பாடியில குடுத்தா வண்டி எரிஞ்சு போயிரும்க்கா" என்றான். அந்த வண்டியில் நீயும், தாலி கட்டின கையோடு அவளும் உட்கார்ந்து வரப்போகிறீர்கள் என்ற நினைப்பு வந்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் ஸ்பேனரை எடுத்தேன். பாடிக்குப் போகிற ஒயரை மைனஸிலும் மற்றதை ப்ளஸ்ஸிலும் மாற்றி மாட்டினேன். பேட்டரியில் ப்ளஸ் முளை தடிமன், மைனஸ் முளை ஒல்லி. ஒரு கிளிப் இறங்கவே மாட்டேன் என்றது, இன்னொன்று தொளதொளவென்று நின்றது. வேண்டாம் என்று பேட்டரியே சொல்லியது. நான் சுத்தியலால் தட்டி இறக்கினேன். மகனைக் காப்பாற்றிவிட்டேன் என்று கை கழுவிவிட்டு வந்து உலை வைத்தேன்.

அவர் திரும்பி வந்து சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார். கொஞ்சம் ரேஸ் கொடுத்ததும் பெட்டிக்குள் இருந்து சடசடவென்று சத்தம், பிறகு புகை. சாவியைத் திருப்பி அணைத்தார், இஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. உள்ளே தொட்டுத் தொட்டு விலக வேண்டிய பாயின்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஓடிப்போய்ப் பேட்டரி கிளிப்பை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கையில் கொப்புளம். நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். அவர் கையைப் பார்க்கவில்லை, பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத யாரு மாத்தி மாட்டுனது?"

தம்பி, அந்த இடத்தில் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், சாயந்தரம் வரைக்கும் பேசாமல் இருந்திருப்பார், அதோடு போயிருக்கும். என் வாயில் வந்தது வேறு. "நீங்கதான் மாட்டுனீய. வேற யாரு இருக்கா இங்க?" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அவர் மறந்துபோகிற மனுஷர் என்ற தைரியம்தான் அதைச் சொல்ல வைத்தது. அது எனக்குச் சொல்லும்போதே தெரிந்தது.

"நானா?" என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா மாட்டுனேன்?" என்று மறுபடி கேட்டார். நான் கொப்புளத்துக்கு மருந்து தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பெயர்கள் போனபோதுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை. பேர்தானே, எழுதி வச்சுக்கிடலாம் என்று தட்டிவிட்டுப் போவார். தன் கை தப்பு செய்யும் என்று மட்டும் அவர் நினைத்ததே இல்லை. அந்த நம்பிக்கையை மறதி பிடுங்கவில்லை, நான் பிடுங்கினேன். அன்றிலிருந்து கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று என்னைக் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன், கல்யாணம் முடியட்டும் என்று விழுங்கிவிடுவேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சொல்லிச் சிரித்துக்கொள்ள முடியவில்லை.

வேறு கட்டவுட் கிடைக்கவில்லை. கருகிய பெட்டியையே திறந்து, ஒட்டியிருந்த பாயின்டைப் பிரித்து, நைசான உப்புத்தாளால் நாள் முழுக்கத் தேய்த்துச் சரிசெய்தார். மாட்டும்போது என்னைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். "நான் எத எங்க மாட்டுதேன்னு நீ பாத்துக்கிட்டே இரு. எனக்கு இப்ப என் மேலயே சந்தேகமா இருக்கு." அப்படி நின்றுதான் எனக்குப் பாடமாகிவிட்டது, உனக்கும் சொல்கிறேன். டைனமோவில் இருந்து வருகிற தடித்த ஒயர் D என்ற முளைக்கு, ஒல்லி ஒயர் F என்ற முளைக்கு, இரண்டும் இடம் மாறக்கூடாது. A பேட்டரிக்குப் போகிறது. A1 லைட்டுக்கும் ஹாரனுக்கும் மற்றதுக்கும் போகிறது. E பாடிக்கு. நூல் எல்லாம் இன்னும் அவிழ்க்காமல் இருக்கிறது, D-யில் சிவப்பு நூல், F-இல் மஞ்சள். எல்லாம் மாட்டி முடிந்ததும் டைனமோவின் ஒல்லி முளையில் இருந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி மைனஸில் இருந்து ஒரு ஒயரை இழுத்து அந்த முளையில் ஒரு தட்டுத் தட்டினார். சுளீரென்று ஒரு பொறி. நான் பின்னால் போய்விட்டேன்.

"பயப்படாத. திசை மாறிப்போச்சுல்ல, அதான் டைனமோவுக்கு எது ப்ளஸ்னு ஞாபகப்படுத்துதேன். ஒரு பொறி போதும். அதுக்கு ஞாபகம் வந்திரும்."

அவர் டைனமோவைத்தான் சொன்னார். நான் அங்கே நிற்க முடியாமல் காப்பி போடப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்போம், அப்படியே மண்டபத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரிந்தது, ரேஸ் கொடுத்ததும் அணைந்தது. அணைந்தால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது என்று அர்த்தம். ரோட்டைப் பார்ப்பதைவிட நான் அந்த லைட்டைப் பார்த்ததுதான் அதிகம். நன்றாகத்தான் ஓட்டினார். லாரிக்கு ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் மண்டபத்துக்குத் திரும்ப வேண்டிய முக்கு வந்தது, வண்டி திரும்பவில்லை. அடுத்த முக்கில் திரும்புவார் என்று நினைத்தேன். ஊர் முடிந்து, மதுரை ரோட்டில் போய்க்கொண்டே இருந்தார். "என்னங்க, மண்டபம்?" என்றேன். கேட்ட மாதிரியே இல்லை, முகம் மட்டும் சாந்தமாக இருந்தது. கையை நீட்டிச் சாவியைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன், பின்னால் பஸ் வந்தது, பயந்து கையை எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணன்கோவில் வந்தது. வேகத்தைக் குறைத்து, ரோட்டை விட்டு இறக்கி, வேப்பமரத்தடியில் அழகாக நிறுத்தினார். இஞ்சினை நிறுத்தவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி எறங்கிட்டானா?"

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு தூரத்தில் காலேஜ் கேட் தெரிந்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "எந்தத் தம்பி? அவன் ஓசூர்ல வேலையில இருக்கான். இன்னும் கொஞ்ச நாள்ல கல்யாணம். உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் முகம் போன போக்கை நான் உனக்கு எழுத மாட்டேன். இஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "அன்னைக்கு பேட்டரியவும் நான் இப்படித்தான் மாத்தி மாட்டியிருக்கேன், என்ன" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "இல்லங்க. அத மாத்துனது நானு. நீங்க முடிவெட்டப் போயிருந்தீய. நீங்க தப்பா மாட்டிட்டீயன்னு நெனைச்சு நான் மாத்துனேன். பொறவு பயந்து உங்க மேல போட்டுட்டேன்" என்று சொல்லி அழுதேன். அடிக்கத்தான் போகிறார் என்றுகூட நினைத்தேன், ஒரு நாளும் அடித்ததில்லை.

"அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருந்தேன்?"

"சரியாத்தான் மாட்டியிருந்தீய."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெட்டி புகைந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார், பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அது நீயி. இது நான்" என்றார். அவ்வளவுதான். கட்டவுட்டும் மறதியில்லை, சிவப்பு ஒயரும் மறதியில்லை, இது மட்டும்தான் நிஜமான மறதி என்று நான் நாள் கணக்கில் பிரிக்கத் தெரியாமல் திண்டாடியதை அவர் ரெண்டு வார்த்தையில் பிரித்து வைத்துவிட்டார். திரும்பி வரும்போது "நீ வழிய மட்டும் சொல்லிக்கிட்டே வா" என்றார். நேரா போங்க, இங்க மெதுவா, இப்ப திரும்புங்க என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்படி வந்தது தப்புதான், யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும், இனிமேல் அவரை ரோட்டில் ஓட்ட விட மாட்டேன். அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியை ஷெட்டில் விட்டதும் சாவியை என் கையில் வைத்தார். "கல்யாணத்தன்னைக்கு பய ஓட்டட்டும். நான் பக்கத்துல இருந்து அந்தச் சிவப்பு லைட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இப்போது நான் கேட்பதைக் கேள். பெண்ணிடம் இதை நீயே சொல்லு, கல்யாணத்துக்கு முன்னால் சொல்லு. நான் மறைத்து வைத்துப் பார்த்துவிட்டேன், மறைத்தால் அந்தந்த நேரத்துக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது. அவளுக்கோ அவள் வீட்டுக்கோ இதில் மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்தாலும் சொல்லு. கல்யாணம் முடிந்து நீ ஓசூருக்குத் திரும்பும் முன்னால் மதுரையில் ஒரு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போக வேண்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டார், நீ கூப்பிட்டால் வருவார். இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது தம்பி. விடிந்து எழுந்ததும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன், இன்றைக்கு என்னைத் தெரிகிறதா என்று.

மதுரை வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடு. நம் வண்டியை நீ ஓட்டு. கிளம்பும்போது சிவப்பு லைட் அணைகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு நாளும் தப்பு வராது. ரோட்டை நீ பார்த்துக்கொள். மண்டபத்து வாசலில், அந்த இருபதடிப் படத்துக்கு நேர் கீழே, எல்லாரும் பார்க்க வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து. முன்னாலேயே எங்கேயும் நிறுத்தாதே.

வாளிச் சத்தம் நின்றுவிட்டது, முடிக்கிறேன். ஒன்று மட்டும். வரும் வழியில் அவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, தம்பி எறங்கிட்டானா என்று உன்னிடமே கேட்டாலும் கேட்பார். என்னை மாதிரிக் கத்திவிடாதே. நான்தானே ஓட்டுகிறேன், தெரியவில்லையா என்றும் கேட்காதே. எத்தனை தடவை கேட்டாலும், முதல் தடவை கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லு: "இன்னும் எறங்கலப்பா. வண்டியிலதான் இருக்கேன்."

அம்மா